1987-இன் ஃபைனல் ஃபேன்டஸி: குகைக்குள் போய் உயிரோடு திரும்புவது எப்படி

ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் 1987 டிசம்பரில் நின்டென்டோவின் ஃபேமிகாம் வீடியோ கேம் கருவிக்காக வெளியிட்ட முதல் ஃபைனல் ஃபேன்டஸியை இன்று விளையாடத் தொடங்குகிறவர்களில் பலர், மூன்றாவது, நான்காவது குகையில் வெறுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். சேவ் செய்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். எதிரே வந்த ஏதோ ஒரு சாதாரணக் கூட்டம் உங்கள் குழுவின் நால்வரையும் கல்லாக்கிவிடும். கதை அங்கேயே முடிந்துவிடும். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. இந்த கேமைக் கடைசிவரை விளையாடிப் பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன், ஏனென்றால் இது கடினமாகத் தெரிந்தாலும் அநியாயமான கேம் அல்ல. இதன் கணக்கு புரிந்துவிட்டால் ஒவ்வொரு குகையும் பிடிபட்டுவிடும்.

அந்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே குகையின் கடைசியில் நிற்கும் பெரிய அரக்கன் உங்களுடைய முதல் எதிரி அல்ல. வழியில் வரும் சின்னக் கூட்டங்களும், கையிருப்புத் தீர்ந்துபோவதும்தான் ஆளைக் கொல்கின்றன. குகைக்குள் சேவ் செய்ய முடியாது. மந்திரம் தீர்ந்தால் உள்ளே நிரப்பிக்கொள்ளவும் வழியில்லை. அதனால் ஒரு குகையை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று நடையாகப் போய் வரலாம். முதல் நடையில் பெட்டிகளைத் திறந்து பொருளை எடுத்துக்கொண்டு வெளியே வந்து சேவ் செய்யுங்கள். திறந்த பெட்டி திறந்ததுதான், கிடைத்த அனுபவப் புள்ளியும் உங்களுடையதுதான். அடுத்த நடையில் நேராக அரக்கனிடம் போகலாம்.

நான் இங்கே சொல்லும் எண்கள் எல்லாம் பழைய நின்டென்டோ பதிப்புக்கு உரியவை. அமெரிக்காவில் 1990-இல் வந்த பதிப்பும், 2016-இல் வந்த என்இஎஸ் கிளாசிக் சிறு கருவியில் உள்ளதும் அதுதான். 2021-இல் வந்த பிக்சல் ரீமாஸ்டரில் எண்களும் பெயர்களும் பல இடங்களில் மாறியிருக்கின்றன, குகைக்குள்ளும் சேவ் செய்யலாம். ஆனாலும் வழிமுறை அதற்கும் பொருந்தும்.

நால்வரைத் தேர்ந்தெடுப்பது

ஆறு வகை வீரர்கள் இருக்கிறார்கள்: ஃபைட்டர், தீஃப், பிளாக் பெல்ட் (வெறுங்கையால் அடிப்பவர்), ரெட் மேஜ், ஒயிட் மேஜ் (காயம் ஆற்றும் மந்திரவாதி), பிளாக் மேஜ் (தாக்கும் மந்திரவாதி). நடுவில் மாற்ற முடியாது, முதலில் எடுத்த நால்வரோடுதான் கடைசிவரை போக வேண்டும். புதியவர்களுக்கு நான் சொல்வது ஒரு ஃபைட்டர், ஒரு பிளாக் பெல்ட், ஒரு ஒயிட் மேஜ், ஒரு பிளாக் மேஜ். பிளாக் பெல்ட்டுக்குப் பதிலாக ரெட் மேஜையும் எடுக்கலாம். முதல் பாதியில் அவர் வாளும் வீசுவார், காயமும் ஆற்றுவார், நெருப்பும் எறிவார். பின்பாதியில் கொஞ்சம் பின்தங்குவார். ஃபைட்டர் இல்லாத குழு மட்டும் வேண்டாம். கவசம் போட்டு அடி வாங்க ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

வரிசை மிக முக்கியம். எதிரியின் அடி யார்மேல் விழும் என்பதை இந்த வரிசையே தீர்மானிக்கிறது. முதல் இடத்தில் நிற்பவருக்கு ஏறக்குறைய பாதி அடிகள், இரண்டாமவருக்குக் கால்வாசி, மூன்றாம் நான்காம் இடங்களுக்கு அரைக்கால் அரைக்கால். ஃபைட்டர் எப்போதும் மேலே, மந்திரவாதிகள் கீழே. ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சண்டையில் யாருக்காவது விஷம் ஏறினால், அல்லது யாராவது கல்லானால், இறந்தால், சண்டை முடிந்ததும் கேம் அவரைத் தானாகக் கீழே இறக்கிவிடும். குணமாக்கிய பிறகு அவர் தானாக மேலே வரமாட்டார். செலக்ட் பட்டனை அழுத்தி வரிசையை மறுபடி சரி செய்ய வேண்டும். இதைக் கவனிக்காததால் ஒயிட் மேஜ் முன்வரிசையில் நின்று அடி வாங்கிச் சாகிற கதைகள் நிறைய.

சண்டை எப்படி நடக்கிறது

பழைய பதிப்பில் புதியவர்களை அதிகம் எரிச்சல்படுத்துவது ஒன்று உண்டு. நீங்கள் குறிவைத்த எதிரி, உங்கள் முறை வருவதற்குள் இன்னொருவர் கையால் செத்துவிட்டால், உங்கள் அடி வீணாகும். அடுத்த எதிரியின்மேல் தானாகப் போகாது. நால்வரையும் ஒரே எதிரிமேல் ஏவுவது அதனால் பெரும்பாலும் நஷ்டம். எந்த எதிரிக்கு எத்தனை அடி தேவை என்று இரண்டு சண்டையிலேயே தெரிந்துவிடும். 8 உயிர்ப்புள்ளி உள்ள இம்ப் என்ற சின்ன எதிரிக்கு ஒரு ஆள் போதும், ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துவிடுங்கள். இரண்டு அடி தேவைப்படுகிற எதிரிக்கு இரண்டு பேர். இந்தப் பழக்கம் வந்துவிட்டாலே சண்டைகளின் நீளம் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறையும். பிக்சல் ரீமாஸ்டரில் அடி தானாக அடுத்தவர்மேல் போய்விடும் என்பதால் அங்கே இந்தக் கவலை இல்லை.

மந்திரங்கள் எட்டுப் படிகள். ஒவ்வொரு படிக்கும் தனியாக இத்தனை முறை என்று எண்ணிக்கை உண்டு, எவ்வளவு வளர்ந்தாலும் ஒரு படிக்கு 9 முறைக்கு மேல் கிடையாது. ஒரு படியில் நான்கு மந்திரங்கள் விற்றாலும் மூன்றைத்தான் ஒருவர் கற்க முடியும், வாங்கியதை அழிக்க முடியாது. அதனால் பார்த்து வாங்குங்கள். டெம்பர், சேபர் என்று வாளின் பலத்தைக் கூட்டுவதாகச் சொல்லும் இரண்டு மந்திரங்கள் பழைய பதிப்பில் நிரல் பிழையால் வேலையே செய்யாது. காசை அதில் போடாதீர்கள். அதே பிழைகளின் வரிசையில், மந்திரவாதியின் அறிவு எண் மந்திரத்தின் பலத்தை மாற்றுவதில்லை. ரெட் மேஜ் எறியும் நெருப்பும் பிளாக் மேஜ் எறியும் நெருப்பும் ஒரே பலம்தான். ரெட் மேஜை எடுத்தவர்களுக்கு இது நல்ல செய்தி.

மாறாக, கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டியவை சில உண்டு. முதல் படியில் க்யூர், ஃபயர், ஸ்லீப். கூட்டமாக வரும் எதிரிகளை ஸ்லீப் படுக்க வைத்துவிடும், நடமாடும் பிணங்கள் மட்டும் தூங்காது. அவற்றுக்கு ஒயிட் மேஜின் ஹார்ம் இருக்கிறது, மொத்தக் கூட்டத்தையும் சுடும். இரண்டாம் படியில், எதிரியின் அடி குறி தவறச் செய்யும் இன்விஸ். நான்காம் படியில் ஃபாஸ்ட், புதிய பதிப்புகளில் இதன் பெயர் ஹேஸ்ட். ஃபாஸ்ட் போட்ட வீரர் இரண்டு மடங்கு அடிகளை அடிப்பார். இந்த கேமில் ஒரே ஒரு மந்திரம்தான் உங்களுக்கு என்று யாராவது சொன்னால் நான் ஃபாஸ்ட்டைத்தான் கேட்பேன். எல்லாப் பெரிய அரக்கர்களையும் வீழ்த்துவது ஃபாஸ்ட் ஏறிய ஃபைட்டரின் வாள்தான்.

ஓடுவது கேவலம் இல்லை. சில சண்டைகளில் ஓட முடியாது என்று கேமே சொல்லிவிடும். மற்றவற்றில், கல்லாக்குகிற, தொட்டாலே கொல்லுகிற கூட்டம் வந்தால் உடனே ஓடுங்கள். குகையின் அடியில் உள்ளதை எடுக்கத்தான் போகிறீர்கள், வழியில் வருகிற எல்லோரையும் ஜெயிக்க அல்ல.

கிளம்புமுன் மூட்டையில் என்ன இருக்க வேண்டும்

ஹீல் மருந்து ஒன்று 60 கில் (இந்த கேமின் காசு), 30 புள்ளி ஆற்றும். 99 வரை வைத்துக்கொள்ளலாம். பழைய பதிப்பில் ஒவ்வொன்றாகத்தான் வாங்க முடியும், பட்டனை அழுத்தி அழுத்திக் கை வலிக்கும். வாங்குங்கள். 99 மருந்துக்கு 5940 கில் ஆகிறது. சதுப்புக் குகைக்குப் போகுமுன் இந்தத் தொகையைச் சேர்ப்பது வாளுக்குச் சேர்ப்பதைவிட முக்கியம் என்பது என் கருத்து. சண்டைகளுக்கு நடுவே மருந்தைக் கொடுத்துக் காயத்தை ஆற்றுங்கள். க்யூர் மந்திரத்தைச் சண்டைக்குள் அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விஷமுறிவான ப்யூர் மருந்து 75 கில். விஷம் ஏறியவர் நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் உயிர் குறையும். பத்து இருந்தால் ஆரம்பக் குகைகளுக்குப் போதும். கல்லானவரை மீட்கும் சாஃப்ட் மருந்து 800 கில். விலையைப் பார்த்துத் தயங்காதீர்கள், மண் குகைக்குப் போகும்போது இரண்டு மூன்றாவது இருக்க வேண்டும். இதைச் சண்டைக்குள் பயன்படுத்த முடியாது, முடிந்த பிறகுதான்.

அப்புறம் கூடாரம். டென்ட் 75, கேபின் 250, ஹவுஸ் 3000. உலக வரைபடத்தில் எங்கு வேண்டுமானாலும் விரித்துச் சேவ் செய்யலாம். குகை வாசலுக்கு வந்ததும் உள்ளே நுழையாமல் ஒன்றை விரியுங்கள். வெளியே வந்த உடனே இன்னொன்று. வாசலில் இரண்டு கூடாரம் என்று வைத்துக்கொண்டால் ஒரு தோல்வியில் போவது அந்த ஒரு நடை மட்டும்தான். டென்ட்டும் கேபினும் மந்திரத்தை நிரப்பாது, அதற்கு ஹவுஸோ விடுதியோ வேண்டும்.

ஆயுதங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருவர் நான்கு ஆயுதம், நான்கு கவசம் மட்டுமே வைத்திருக்க முடியும். எல்லா இடமும் நிரம்பியிருந்தால் பெட்டிக்குள் இருக்கும் கவசத்தை எடுக்க முடியாமல் நிற்பீர்கள். குகைக்குப் போகுமுன் பழையதை விற்றுவிட்டு மந்திரவாதிகளின் இடங்களைக் காலியாக வைத்திருங்கள்.

முதல் சில மணி நேரம்

கையில் 400 கில் இருக்கும். ஃபைட்டருக்கு 80 கில் சங்கிலிக் கவசமும் ஒரு ரேப்பியரும், மந்திரவாதிகளுக்கு 100 கில் வீதம் க்யூரும் ஃபயரும் முதலில் வாங்குங்கள். கார்னீலியா நகரைச் சுற்றியே இம்ப்புகளை அடித்து மூன்றாம் நான்காம் லெவல் வரை வளருங்கள். வடக்கே அரக்கர் கோயிலில் நிற்கும் கார்லண்டுக்கு 106 உயிர்ப்புள்ளிதான். நான்காம் லெவலில் போனால் பெரிய சிரமம் இருக்காது. இளவரசி கொடுக்கும் யாழைப் பத்திரமாக வைத்திருங்கள், கடைசிக் குகையின் கதவு அதற்குத்தான் திறக்கும்.

பிரவோகா ஊரில் ஒன்பது கடற்கொள்ளையர்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆளுக்கு 6 உயிர்ப்புள்ளிதான். கப்பல் கையில் வந்துவிடும்.

இங்கே ஒரு இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரவோகாவுக்கு வடகிழக்கே நிலம் கடலுக்குள் நீண்டு முடியும் முனை. இந்த கேமின் உலகம் 8-க்கு 8 என்று 64 சதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, எந்தச் சதுரத்தில் நிற்கிறீர்களோ அதற்குரிய எதிரிகள் வருவார்கள். அந்த முனையின் நுனி மட்டும் பின்னால் வரவேண்டிய பகுதியின் சதுரத்துக்குள் விழுந்துவிட்டது. அதனால் உங்கள் வயதுக்கு மீறிய எதிரிகள் அங்கே வருவார்கள், அனுபவப் புள்ளியையும் அள்ளித் தருவார்கள். எல்ஃப்லேண்ட் ஊரில் மூன்றாம் படி நெருப்பு மந்திரம் வாங்கிய பிறகு இங்கே வந்து, ஒவ்வொரு சண்டைக்கும் பிறகு உயிரைச் சரிபார்த்துக்கொண்டு வளருங்கள். பிரவோகா விடுதி பக்கத்திலேயே இருக்கிறது. ஒருவர் இறந்த நிலையில் சண்டை முடிந்தால் அவருக்குப் புள்ளி கிடைக்காது, உயிரோடு இருப்பவர்களே பங்கிட்டுக்கொள்வார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சதுப்புக் குகை

நிறையப் பேர் கைவிடுகிற இடம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எல்ஃப்லேண்டில் ஃபைட்டருக்கு 4000 கில் வெள்ளி வாளை வாங்குங்கள். விலை மலைக்க வைக்கும். ஆனால் அடுத்த இரண்டு குகைக்கு அதுவே போதும். 99 ஹீல், 10 ப்யூர், 3 டென்ட். லெவல் ஒன்பது பத்து இருந்தால் நல்லது. எல்ஃப்லேண்டிலிருந்து குகை வாசல்வரை நடையே நீளம், அந்த நடையிலும் சண்டை வரும். வாசலில் டென்ட் விரித்துச் சேவ் செய்துவிட்டு இறங்குங்கள்.

முதல் தளத்தில் வழி பிரியும். ஒரு பக்கம் பெட்டிகள் மட்டுமே உள்ள தளம், இன்னொரு பக்கம், கதைக்காக நீங்கள் எடுக்க வந்த கிரீடம் இருக்கும் அடித்தளத்துக்குப் போகிறது. முதல் நடையில் பெட்டிகள் பக்கம் மட்டும் போய் வாருங்கள். இந்தக் குகையில் கொழகொழவென்று தரையில் ஊரும் பிராணிகள் வரும், அவற்றின்மேல் வாள் ஏறவே ஏறாது. பிளாக் மேஜின் மந்திரத்தை அவற்றுக்கு ஒதுக்குங்கள், அல்லது ஓடிவிடுங்கள். க்ராலர் என்ற புழு தொட்டால் உடம்பு மரத்துப்போய் அந்த ஆளால் எதுவும் செய்ய முடியாது. அது கூட்டமாக வந்தால் நால்வரையும் நிறுத்திவைத்து மெல்ல மெல்லக் கடித்தே கொல்லும். ஸ்லீப் போட்டுவிட்டு ஒவ்வொன்றாக முடியுங்கள், அல்லது ஓடுங்கள்.

திரும்புவதற்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஹீல் 50-க்குக் கீழே இறங்கினால், எங்கே நின்றாலும் திரும்ப வேண்டும். உள்ளே வர ஆன செலவு வெளியே போகவும் ஆகும். இன்னும் ஒரு அறைதானே என்று நினைக்கும்போதுதான் மாட்டிக்கொள்வீர்கள்.

அடித்தளம் சின்னச் சின்ன அறைகளாக, கட்டம் கட்டமாக இருக்கும். பல அறைகள் பூட்டியிருக்கும், சாவி பிறகுதான் கிடைக்கும், இப்போது விட்டுவிடுங்கள். கிரீடப் பெட்டிக்கு முன்னால் உள்ள கட்டத்தில் கால் வைத்ததும் விஸர்ட் என்ற எதிரிகள் வருவார்கள். புதிய பதிப்புகளில் பிஸ்கோடீமன். பெயர்தான் மந்திரவாதி, ஆனால் மந்திரம் போடமாட்டார்கள். ஒரு முறையில் இரண்டு அடி, இரண்டும் பலமாக விழும். ஆளுக்கு 84 உயிர்ப்புள்ளி. இரண்டு பேர் வந்தால் சமாளிக்கலாம், நால்வர் வந்தால் கஷ்டம்.

அதனால் அந்தக் கட்டத்தில் கால் வைக்குமுன் நின்று நால்வரின் உயிரையும் முழுதாக நிரப்புங்கள். சண்டை தொடங்கியதும் பிளாக் மேஜ் ஃபைட்டருக்கு ஃபாஸ்ட் போடட்டும். ஃபாஸ்ட் இன்னும் வாங்கவில்லை என்றால் மூன்றாம் படி நெருப்பையோ மின்னலையோ மொத்தக் கூட்டத்தின்மேல் எறியட்டும், இதுவரை சேமித்ததை இங்கே செலவழிக்கலாம். ஃபைட்டரும் இரண்டாம் வீரரும் ஒரே விஸர்டைக் குறிவைக்க வேண்டும், 84 புள்ளி இருப்பதால் இங்கே அடி வீணாகாது. ஒயிட் மேஜ் முதல் முறையிலேயே ஃபைட்டருக்கு இன்விஸ் போட்டுவிட்டு, பிறகு காயத்தை ஆற்றுவதை மட்டும் பார்க்கட்டும்.

கிரீடத்தை எடுத்தபின் நேராக வெளியேறுங்கள். இப்போது பெட்டிக்கு ஆசைப்பட வேண்டாம். வாசலுக்கு வெளியே முதல் அடியில் டென்ட்.

அஸ்டோஸ், அதற்குப் பின் சாவி

கிரீடத்தை வடமேற்குக் கோட்டையில் இருக்கும் ராஜாவிடம் கொண்டுபோனால் அவர் அஸ்டோஸ் என்ற எதிரியாக மாறுவார். 168 உயிர்ப்புள்ளிதான், ஆனால் ரப் என்ற மந்திரத்தைப் போடுவார், பட்டவர் அந்த நொடியே இறப்பார். இதற்குத் தடுப்பு இந்த நிலையில் உங்களிடம் இல்லை. வேகமாக முடிப்பதுதான் வழி, எனவே பெரிய மந்திரங்களையும் ஃபாஸ்ட்டையும் முதல் முறையிலேயே போட்டுவிடுங்கள். பேசுமுன் வெளியே டென்ட் விரித்துச் சேவ் செய்திருந்தால், ஃபைட்டர் முதல் முறையிலேயே இறந்தாலும் மறுபடி தொடங்கலாம்.

அஸ்டோஸை வென்று பெறும் பளிங்குக் கண்ணைச் சூனியக்காரி மடோயாவிடம் கொடுத்து மூலிகை வாங்கி, எல்ஃப் இளவரசனை எழுப்பினால் சாவி கிடைக்கும். சாவி கிடைத்ததும் கதை உங்களைக் கார்னீலியா கோட்டையில் உள்ள வெடிமருந்தை எடுத்துக் குள்ளர்களிடம் கொண்டுபோகச் சொல்லும். போங்கள், ஆனால் வழியில் இதுவரை பூட்டியிருந்த அறைகளை எல்லாம் திறந்துவிடுங்கள்: கார்னீலியா கோட்டை, அரக்கர் கோயில், எல்ஃப் கோட்டை, வடமேற்குக் கோட்டை, குள்ளர் குகை. காசு செலவில்லாமல் நல்ல கவசங்கள் கிடைக்கும்.

மண் குகை

மெல்மண்ட் ஊரில் மருந்துக் கடை கிடையாது, இறந்தவரை எழுப்பும் ஆலயமும் இடிந்து கிடக்கிறது. எனவே எல்ஃப்லேண்டிலேயே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு கப்பலேறுங்கள். ஆனால் ஐந்தாம் படி மந்திரங்கள் மெல்மண்டில் விற்கின்றன. இறந்தவரைக் குகைக்குள்ளேயே எழுப்பும் லைஃப் மந்திரம் அங்கே இருக்கிறது. உங்கள் ஒயிட் மேஜுக்கு அந்தப் படி திறந்ததும் முதலில் இதை வாங்குங்கள்.

குகையின் முதல் தளத்தில் ஒரு நடைபாதையில் அடிக்கு ஒரு சண்டை என்று ராட்சதர்கள் வருவார்கள். தெரியாமல் நுழைந்தால் திக்குமுக்காடிப் போவீர்கள். தெரிந்து நுழைந்தால் அது ஒரு பயிற்சிக் கூடம். ஒரு ராட்சதனுக்கு 240 உயிர்ப்புள்ளி, 879 அனுபவப் புள்ளி, 879 கில். அவர்களிடம் மந்திரமோ விஷமோ இல்லை, வெறும் அடிதான். வாசலுக்குப் பக்கத்தில் இருப்பதால் இரண்டு மூன்று சண்டை போட்டுவிட்டு வெளியே வந்து கூடாரம் விரிக்கலாம். பதினான்கு பதினைந்தாம் லெவல் வரும்வரை இதைச் செய்வதை நான் சிபாரிசு செய்கிறேன்.

உள்ளே காக்கட்ரைஸ் என்ற பறவை வரும், தொட்டால் கல்லாக்கும். உயிர்ப்புள்ளி 50-தான் என்பதால் நெருப்பு மந்திரத்தை மொத்தமாக எறிந்தால் முடிந்துவிடும். கூட்டம் பெரிது என்றால் ஓடுங்கள்.

இந்தக் குகைக்கு இரண்டு நடை கட்டாயம், கதையே அப்படித்தான் அமைந்திருக்கிறது. முதல் நடையில் மூன்றாம் தளத்து வாம்பயரைக் கொன்று மாணிக்கத்தை எடுக்க வேண்டும். அதை ராட்சதன் டைட்டனுக்கு உணவாகக் கொடுத்து அவன் குகையைக் கடந்தால் சார்டா முனிவர் ஒரு கோல் தருவார். இரண்டாம் நடையில் அந்தக் கோலால் வாம்பயர் அறைக்குப் பின்னால் உள்ள கல்லைத் திறந்து, இந்தக் குகையின் பெரிய அரக்கனான லிச்சிடம் இறங்கலாம். லிச் 400 உயிர்ப்புள்ளி, பனி, மின்னல், நெருப்பு மூன்றையும் மொத்தக் குழுமேல் எறிவான். நெருப்பு அவனுக்கு ஆகாது, பிணம் என்பதால் ஹார்ம் மந்திரமும் சுடும். ஃபைட்டருக்கு ஃபாஸ்ட், பிளாக் மேஜுக்கு நெருப்பு, ஒயிட் மேஜுக்கு ஹார்ம் என்று பிரித்தால் சில முறைகளிலேயே விழுந்துவிடுவான். அவன் கையால் இறப்பவர்களைவிட, அவனிடம் போய்ச் சேருமுன் இறப்பவர்களே அதிகம்.

பனிக் குகை

கிரசண்ட் ஏரி முனிவர்கள் படகு தந்ததும் கர்கு எரிமலைக்கும் போகலாம், பனிக் குகைக்கும் போகலாம். நான் பனிக் குகையை முதலில் முடிக்கச் சொல்வேன், ஏனென்றால் அங்கே இருக்கும் மிதக்கும் கல்லால் ஆகாயக் கப்பல் எழும்பும். அதன்பின் சோதனைக் கோட்டைக்குப் போய், டிராகன் ராஜா பகாமுட்டிடம் நால்வரையும் அவரவர் வகையின் உயர்நிலைக்கு ஏற்றும் பட்டத்தை வாங்கிவிட்டு எரிமலைக்கு வரலாம். சோதனைக் கோட்டைக்குள் நுழையக் கிரீடம் கையில் இருக்க வேண்டும். அங்கே கிடைக்கும் ஸ்யூஸ் கையுறையைச் சண்டைக்குள் பயன்படுத்தினால் மின்னல் மந்திரம் செலவில்லாமல் வரும். ஹீல் கோலைப் பயன்படுத்தினால் நால்வருக்கும் காயம் ஆறும், அதற்கும் எண்ணிக்கைக் கணக்கு இல்லை. இந்த இரண்டும் வந்தபிறகு குகைகளின் கணக்கே மாறிவிடும்.

ஆனால் பனிக் குகைதான் இந்த கேமிலேயே மிகக் கொடியது. சார்ஸரர் என்ற எதிரி தொட்டாலே மரணம். மேஜ் என்று வருபவர்கள் கொல்லும் மந்திரம் போடுவார்கள். அவர்கள் முதலில் தாக்கும் வாய்ப்பு வந்துவிட்டால் நீங்கள் ஒரு பட்டனைக்கூட அழுத்துமுன் இரண்டு பேர் விழுந்திருப்பார்கள். இதை உங்கள் திறமைக் குறைவாக எண்ண வேண்டாம். இருபதாம் லெவலை ஒட்டிப் போங்கள், லைஃப் மந்திரத்தோடு போங்கள், இவர்களைக் கண்டால் ஓடுங்கள். வழியில் உள்ள பெட்டிகளை எல்லாம் திறக்க ஆசைப்படாமல், கல்லை மட்டும் நோக்கிப் போகும் நடை ஒன்று, பெட்டிக்காக இன்னொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லுக்குக் காவலாக ஐ என்ற பெரிய கண் இருக்கும். அதன் மந்திரங்களில் பாதி உடனே கொல்பவை. ஆனால் உயிர்ப்புள்ளி 162-தான். இரண்டு முறைக்குள் முடித்துவிட வேண்டும், தற்காப்பு மந்திரங்களுக்கு நேரமில்லை, எல்லோரும் அடியுங்கள். வென்றால் 3591 அனுபவப் புள்ளி. கல்லை எடுத்தபின் அதே தளத்தில் உள்ள ஓட்டையில் விழுந்து கீழ்த்தளம் வழியாக வெளியே வரவேண்டும்.

பிளாக் மேஜுக்கு ஐந்தாம் படி வார்ப் ஒரு தளம் பின்னால் கொண்டுவிடும். ஒயிட் மேஜுக்கு ஆறாம் படி எக்ஸிட் குகைக்கு வெளியிலேயே கொண்டுவிடும், ஆனால் அதற்குப் பட்டம் வாங்கியிருக்க வேண்டும். எக்ஸிட் வந்த நாள் முதல் திரும்பும் வழிக்கான கையிருப்பைச் சேமிக்கத் தேவையில்லை.

எரிமலை, கடல், வானம்

கர்கு எரிமலையில் பலருக்குத் தெரியாத ஒரு சலுகை உண்டு. எரிமலைக் குழம்பில் நடந்தால் அடிக்கு ஒரு புள்ளி உயிர் போகும், ஆனால் குழம்பின் மேல் நிற்கும்போது சண்டையே வராது. சுற்றிப்போகும் பாதையைவிடக் குழம்பில் நேராக நடப்பதுதான் லாபம். ஹீல் மருந்து இருக்கவே இருக்கிறது. எரிமலையின் அடியில் இருக்கும் கேரிக்கு 600 உயிர்ப்புள்ளி. நெருப்புத் தடுப்பு மந்திரத்தை முதல் முறை போட்டுவிடுங்கள்.

கடல் கோயிலில் ஒரு பக்கம் கடல்கன்னிகளின் தளம், மறுபக்கம் கிராக்கன். இரண்டையும் ஒரே நடையில் பார்க்க வேண்டாம். கிராக்கன் ஒரு முறையில் எட்டு அடிவரை அடிக்கும், எனவே மொத்தக் குழுவுக்கும் இன்விஸ்-2 போட்டால் பாதி அடி காற்றில் போகும். மின்னல் அதற்கு ஆகாது. இங்கே கிடைக்கும், பல தாக்குதல்களைத் தடுக்கும் ரிப்பனை ஒயிட் மேஜுக்குப் போடுங்கள், அவர் நின்றால் குழு நிற்கும்.

வான் கோட்டையின் நான்காம் தளம் எங்கு நடந்தாலும் முடியாமல் சுற்றிச் சுற்றி வரும். ஒரு தாளில் திசையைக் குறித்துக்கொண்டு நடங்கள். ஐந்தாம் தளத்தில் டியாமட்டிடம் போகும் பாலத்தில், அரிதாக, வார்மெக் என்ற இயந்திரம் வரும். 1000 உயிர்ப்புள்ளியும் மொத்தக் குழுவையும் எரிக்கும் அணுத் தாக்குதலும் அதற்கு உண்டு. 32000 அனுபவப் புள்ளி தருகிறது என்பதற்காகத் தேடிப் போகாதீர்கள். பாலத்தில் முன்னும் பின்னும் நடக்காமல் ஒரே நேர்கோட்டில் கடந்துவிடுங்கள்.

கடைசிக் கோயில்

அரக்கர் கோயிலின் கருப்புக் கோளம் உங்களை 2000 ஆண்டு பின்னால் கொண்டுபோகும். நான்கு அரக்கர்களும் முன்னைவிடக் கொஞ்சம் அதிக உயிரோடு மறுபடி நிற்பார்கள்: லிச் 500, கேரி 700, கிராக்கன் 900, டியாமட் 1100. லெவல் முப்பதை ஒட்டி இருந்தால் இவர்கள் ஒவ்வொருவரும் சில முறைகளில் விழுவார்கள். இங்கேயும் ஒரு நடை மசமுனே வாளுக்காக மட்டும் போய், எக்ஸிட் போட்டு வெளியே வந்து சேவ் செய்வதைச் சொல்வேன். அந்த வாளை யார் வேண்டுமானாலும் ஏந்தலாம்.

கடைசி எதிரியான கேயாஸுக்கு 2000 உயிர்ப்புள்ளி. ஆனால் அவனுக்குக் க்யூர்-4 தெரியும், போட்டால் மொத்த உயிரும் திரும்பிவிடும். மெல்ல மெல்ல அடித்துத் தேய்ப்பது அதனால்தான் பலிக்காது. முதல் மூன்று முறைகளைத் தயாரிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிளாக் மேஜ் இரண்டு அடிவீரர்களுக்கும் ஒவ்வொருவராக ஃபாஸ்ட் போடட்டும். ஒயிட் மேஜ் இன்விஸ்-2 இரண்டு முறை. அந்த நேரத்தில் ஃபைட்டர் அடித்துக்கொண்டே இருக்கட்டும், மற்றவர் ஹீல் கோலைப் பயன்படுத்தட்டும். நான்காம் முறையிலிருந்து எல்லோரும் அடிக்க வேண்டும், காயம் ஆற்றுவது ஒயிட் மேஜின் வேலை மட்டும். இரண்டு ஃபாஸ்ட் வீரர்களும் சேர்ந்து ஒரு முறைக்கு 500 புள்ளியாவது எடுத்தால், அவன் க்யூர்-4 போட வாய்ப்பு வருவதற்குள் முடித்துவிடலாம். போட்டுவிட்டால் கலங்காமல் ஃபாஸ்ட் இன்னும் இருக்கிறது என்பதை நம்பித் தொடருங்கள், அது தானாக இறங்காது.